காமா இன்டர்ஃபெரான் கொடுத்தால் ஐஎல்-8 குறையுமா?

மோனோசைட்மணி:
ரத்த தானப் பையின் பஃபி கோட்டிலிருந்து (வெள்ளணுக்கள் திரளும் அடுக்கு) மோனோசைட் என்ற வெள்ளணுவைப் பிரித்து, எல்பிஎஸ் (பாக்டீரியாவின் வெளிச்சுவர்ப் பொருள்) மட்டும் ஒரு வரிசைக்கும், எல்பிஎஸ்ஸோடு காமா இன்டர்ஃபெரான் (நோய் எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதம்) சேர்த்து இன்னொரு வரிசைக்கும் கொடுத்தேன். மறுநாள் எலைசாவில் (புரத அளவை நிறத்தில் காட்டும் சோதனை) இன்டர்ஃபெரான் வரிசையின் சிஎக்ஸ்சிஎல்10, அதாவது வெள்ளணுக்களை வரவழைக்கும் கீமோகைன் புரதம், மொத்தமும் அளவு தெரிந்த கடைசி ஸ்டாண்டர்டைத் தாண்டி ஒரே மஞ்சள். ஆனால் இன்னொரு கீமோகைனான ஐஎல்-8, அதாவது சிஎக்ஸ்சிஎல்8, எல்பிஎஸ் மட்டும் கொடுத்ததைவிடக் குறைவு. செல் செத்திருக்கும், திரும்பச் செய் என்கிறார் கைடு. செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் ட்ரிபான் புளூவில் பார்த்தால் செல் நன்றாகத்தான் இருக்கிறது. அழற்சியைத் தூண்டுகிற சரக்கு எப்படி இதை மட்டும் குறைக்கும்? எல்பிஎஸ் மட்டும் கொடுத்த கிணற்றிலும் கொஞ்சம் சிஎக்ஸ்சிஎல்10 வருகிறதே, அது ஏன்?

பழைய பிப்பெட்:
திரும்பச் செய்ய அவசரப்படாதீர்கள். மனித மோனோசைட்டில் ஆல்ஃபா, காமா இன்டர்ஃபெரான் இரண்டுமே ஐஎல்-8-ஐக் குறைக்கும் என்று 1990-களிலேயே வந்துவிட்டது. இன்டர்ஃபெரானை வெறும் தூண்டியாகப் பார்ப்பதுதான் சிக்கல். யாருக்குப் பத்திரிகை வைப்பது என்ற பட்டியலையே அது மாற்றுகிறது. ஐஎல்-8 கூப்பிடுவது முக்கியமாக நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவை. சிஎக்ஸ்சிஎல்9, 10, 11 மூன்றும் சிஎக்ஸ்சிஆர்3 என்ற ஏற்பி உள்ள டி செல்லையும் என்கே செல்லையும் கூப்பிடும். வைரஸ் வந்த இடத்துக்கு அவர்கள்தான் வேண்டும்.

சிஎக்ஸ்சிஎல்10 ஏன் அப்படி எகிறுகிறது என்றால், அதன் மரபணுவை முடுக்கும் பகுதியான புரோமோட்டரில் இன்டர்ஃபெரான் வழியில் வரும் ஸ்டாட்1 என்ற புரதத்துக்கும் இடம் உண்டு, எல்பிஎஸ் எழுப்பும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்துக்கும் இடம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் கூட்டல் இல்லை, பெருக்கல். 1985-ல் யு937 என்ற மோனோசைட் வகைச் செல்வரிசையில் இந்த மரபணு பிடிபட்டதே காமா இன்டர்ஃபெரான் கொடுத்துத்தான்.

டிஎல்ஆர்தாசன்:
இரண்டாவது கேள்விக்கு: எல்பிஎஸ், செல்லின் டிஎல்ஆர்4 ஏற்பியைத் தொட்டதும் உள்ளே ட்ரிஃப், ஐஆர்எஃப்3 என்ற புரதங்கள் வழியாக அந்தச் செல்லே பீட்டா இன்டர்ஃபெரான் சுரக்கும். அது அதே செல்லில் வந்து உட்கார்ந்து சிஎக்ஸ்சிஎல்10-ஐ ஏற்றும். ஆல்ஃபா, பீட்டா இன்டர்ஃபெரானுக்கான ஏற்பியான ஐஎஃப்என்ஏஆர்2-ஐ மறிக்கும் ஆன்டிபாடி போட்டால் பெரும்பகுதி இறங்கிவிடும். இதற்கு ருக்ஸோலிட்டினிப் மருந்தைப் போடாதீர்கள், அது இன்டர்ஃபெரான் சமிக்ஞையைக் கடத்தும் ஜாக்1, ஜாக்2 நொதிகள் இரண்டையும் அடைப்பதால் காமா வழியும் மூடிவிடும். அப்புறம் சிஎக்ஸ்சிஎல்9-ஐயும் அளந்து பாருங்கள். அது காமாவுக்குத்தான் நன்றாக ஏறும், ஆல்ஃபா, பீட்டாவுக்குச் சுமாராகத்தான்.

மோனோசைட்மணி:
சரி, கைடிடம் எதைக் காட்டுவது?

பழைய பிப்பெட்:
செத்த செல் சிஎக்ஸ்சிஎல்10-ஐ மட்டும் இப்படிக் கொட்டுமா என்று கேளுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் அதே சூப்பர்நேட்டன்டில் (செல்லுக்கு மேல் நிற்கும் திரவம்) டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்துக்கு எலைசா போடுங்கள். காமா சேர்த்த வரிசையில் அது குறையாது, ஏறித்தான் இருக்கும். 10-க்கு இந்த முறையாவது சாம்பிளை நீர்த்துப் போடுங்கள்.