மறு: ஐ.வி., ஈ.வி. இரண்டுக்கும் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

போகிமான் என்பது விதவிதமான உயிர்களைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விடுகிற வீடியோ ஆட்டம். அதற்கான கையேட்டின் மூன்றாம் பகுதி, அந்த உயிர்களின் திறன் கணக்கில் வருகிற ஐ.வி., ஈ.வி. என்ற இரண்டு சொல்லுக்காகத்தான் நிற்கிறது. வியாசர்பாடியில் ஞாயிறு மாலை கூடுகிற பசங்களுக்காக எழுதுவது. அவர்கள் ஐ.வி., ஈ.வி. என்றே பேசுகிறார்கள், பேசட்டும். ஆனால் வீட்டில் ஈ.வி. என்றால் மின்சார ஸ்கூட்டர். "இதுக்கு ஐ.வி. சரியில்ல" என்று ஒரு பையன் போனைப் பார்த்தபடி சொல்ல, "யாருக்குடா குளுக்கோஸ் ஏத்தறாங்க?" என்று அவன் ஆயா கேட்டாராம். புதிதாக ஆட வருகிறவனுக்கும் இந்த எழுத்துகள் ஒன்றும் சொல்வதில்லை.

இதுவரை இங்கே வந்தவை ஐ.வி.க்குத் 'தனிநபர் மதிப்பு', ஈ.வி.க்கு 'முயற்சி மதிப்பு'. இனத்தின் மதிப்பு, தனி உயிரின் மதிப்பு, முயற்சியின் மதிப்பு என்று மூன்றாகப் பிரித்துப் பெயர் வைத்தவர்கள் ஜப்பானிய ரசிகர்கள். ஆங்கிலம் அதைப் பார்த்து எழுதியது, நாம் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதப் போகிறோம். பிக்காச்சு என்ற போகிமான் நபரும் இல்லை. சொல்லுக்குச் சொல் தேடாமல், எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துப் பெயர் வைக்கலாம் என்கிறேன்.

பிக்காச்சுவின் வேகத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த இனத்துக்கு வேகத்தின் அடிப்படை 90. உச்சமான நூறாம் நிலையில் அதை இரண்டால் பெருக்கி ஐந்தைக் கூட்டினால் 185. வேறு எதுவும் சேராத பிக்காச்சுவின் வேகம் இதுதான். காட்டில் எதிர்ப்படும்போதோ முட்டை வரும்போதோ உயிர், தாக்குதல், தற்காப்பு, வேகம் முதலான ஆறு திறன்களுக்கும் தனித்தனியே 0 முதல் 31 வரை ஓர் எண்ணை ஆட்டமே கொடுத்துவிடும், இதுதான் ஐ.வி. வேகத்துக்கு 31 விழுந்திருந்தால் 216. அப்புறம் சண்டைகள். எந்தப் போகிமானைத் தோற்கடிக்கிறோமோ அதைப் பொறுத்துப் புள்ளி சேரும், இதுதான் ஈ.வி.: ஸூபாட் என்றால் வேகத்தில் 1, ஜியோடூட் என்றால் தற்காப்பில் 1, இன்னொரு பிக்காச்சு என்றால் வேகத்தில் 2. ஒரு திறனுக்கு உச்சம் 252, ஆறுக்கும் சேர்த்து 510. நாலு புள்ளிக்கு ஒன்று வீதம் நூறாம் நிலையில் திறன் ஏறும், ஆக 252க்கு 63. வேகம் இப்போது 279. கடைசியில் சுபாவம். மொத்தம் 25 சுபாவங்கள், அதில் 20 ஒரு திறனைப் பத்து சதவீதம் ஏற்றி இன்னொன்றைப் பத்து சதவீதம் இறக்கும். வேகத்தை ஏற்றுகிற சுபாவமாக இருந்தால், பின்னத்தைத் தள்ளி, 306.

185, 216, 279, 306. இனமும் ஒன்று, நிலையும் ஒன்று. திரையில் முடிவான எண்தான் தெரியும், அதற்குள் எது எவ்வளவு என்று பழைய ஆட்டங்கள் காட்டவே காட்டாது. "என் பிக்காச்சு மட்டும் ஏன் மெதுவா இருக்கு?" என்று வாரம் தவறாமல் யாராவது கேட்பது இதனால்தான்.

(இந்தக் கணக்கு 2002இல் வந்த ரூபி, சஃபையர் முதல். அப்போது ஒரு திறனுக்கு 255 வரை ஏற்றலாம், ஆனால் நாலால் வகுத்தால் அதுவும் 63தான், மூன்று புள்ளி வீண். அதற்கு முந்தைய ஆட்டங்களில் பிறக்கும்போது விழுகிற எண் 15 வரைதான்.)

ஆகவே என் முன்மொழிவு: இன எண், பிறவி எண் (ஐ.வி.), பழக்க எண் (ஈ.வி.), சுபாவம். 'மதிப்பு' எங்கும் வேண்டாம். 'பிறவி மதிப்பு' என்று அச்சடித்து வியாசர்பாடியில் கொடுக்க எனக்குக் கை வராது. பிறப்பைப் பார்த்து மதிப்புப் போடுகிறவர்களோடு தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்ட ஊர் இது. எண் என்றால் வெறும் எண், அத்தோடு போயிற்று. அதிலும் பிறவி தருவது 31, பழக்கம் தருவது 63. இந்த இரண்டு மடங்கைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடப் போகிறேன்.

ஐ.வி.க்கு 'மரபணு' என்று ஒருவர் சொல்லியிருந்தார். காட்டில் பிடித்ததற்கு எந்த மரபு? குட்டிக்கும்கூட, விதிமுடிச்சு என்ற பொருளைக் கட்டினால்தான் பெற்றோர் இருவரின் 12 எண்களில் 5 இறங்கும், கட்டாவிட்டால் 3. மிச்சமெல்லாம் குலுக்கல்.

— பெரம்பூரிலிருந்து

*

அக்கா, வணக்கம்.

பிறவி எண் அருமை. போனில் ஆடுகிற போகிமான் கோ ஆட்டத்துக்கும் பொருந்தும்: அங்கே தாக்குதல், தற்காப்பு, உயிர் என்று மூன்றே எண், 0 முதல் 15 வரை. ஈ.வி. அங்கே கிடையவே கிடையாது. பூங்காவில் போனோடு சுற்றுகிற பசங்களுக்கு இந்த ஒரு சொல் போதும்.

பழக்க எண்தான் எனக்கு இடிக்கிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இங்கேயோ தமாட்டோ பழத்தை ஊட்டினால் வேகப்புள்ளி பத்துப் பத்தாகக் கழன்றுவிடும். சரி, அதை விடுங்கள். மருந்தை என்ன செய்வது? கார்போஸ் ஒரு புட்டிக்கு வேகத்தில் 10 புள்ளி. முன்பெல்லாம் 100க்கு மேல் ஏறாது, மீதிக்குச் சண்டைதான் வழி. 2019இல் வந்த ஸ்வார்ட், ஷீல்டு அந்தத் தடையை எடுத்துவிட்டது. 26 புட்டி ஊற்றினால் 252 நிறைந்துவிடும், ஒரு சண்டைகூடப் போடாமல். காசு இருக்கிறவன் கடையில் வாங்கி ஊற்றியதைப் பழக்கம் என்றால் ஸூபாட் தேடி அலைந்தவன் சும்மா இருப்பானா?

எங்கள் மாமா மாடியில் கர்ணப்புறா வைத்திருக்கிறார். கம்பு போடுவது, தண்ணீரில் மருந்து கலப்பது, கூண்டைத் திறந்து பறக்க விடுவது, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே சொல், வளர்ப்பு. ஒரு புறா சீக்கிரம் இறங்கிவிட்டால், "பொறப்பு நல்லாதான் இருக்கு, வளர்ப்புதான் சரியில்ல" என்பார். வளர்ப்பு எண் என்று வைத்தால் சண்டையும் மருந்தும் பழமும் ஒரே சொல்லுக்குள் அடங்கும்.

அப்புறம் அந்த இரண்டு மடங்கு. ஒரு திறனுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆறையும் கூட்டிப் பாருங்கள்: பிறவியில் எல்லாமே 31 என்றால் 186. வளர்ப்பில் 510ஐ எப்படிப் பிரித்தாலும் 127ஐத் தாண்டாது. எந்த இரண்டு திறனில் கொட்டுவது என்று தேர்ந்தெடுப்பதில்தான் வளர்ப்பின் பலமே இருக்கிறது. தடித்த எழுத்தில் போடுவதானால் இதையும் சேர்த்துப் போடுங்கள்.

— காசிமேட்டிலிருந்து

*

தம்பி,

வளர்ப்பு எண்ணுக்கு என் ஓட்டும். 186, 127 கணக்கும் உள்ளே வரும், அதே தடிமனில்.

ஒரு சிக்கலை மட்டும் முன்கூட்டியே அடைத்துவிடுகிறேன். இரண்டைச் சேர்த்து முட்டை எடுப்பதையும் சிலர் வளர்ப்பு என்று எழுதுகிறார்கள். கையேட்டில் அது 'ஜோடி சேர்த்தல்' என்றே இருக்கும், உங்கள் மாமாவுக்கும் அதில் ஆட்சேபம் இருக்காது. நிலை ஏறுவதற்கு 'நிலை'யே போதும், 'வளர்ச்சி' என்ற சொல்லை எங்கும் எழுதப் போவதில்லை.

இன்னும் பெயர் கிடைக்காதது ஒன்று உண்டு. 2016இல் வந்த சன், மூன் ஆட்டங்களில் நூறாம் நிலையைத் தொட்ட போகிமானுக்கு ஒரு சோடா மூடியைக் கொடுத்துப் பிறவிக் குறையைச் சரிக்கட்டலாம். 2022இன் ஸ்கார்லெட், வயலெட்டில் ஐம்பதாம் நிலையே போதும். திறன்கள் 31 விழுந்தது போலவே கணக்காகும். ஆனால் உள்ளே இருக்கிற பிறவி எண் மாறாது, ஜோடி சேர்த்தால் குட்டிக்குப் பழைய எண்தான் இறங்கும். இந்த ஒன்றே 'பிறவி' என்ற சொல்லுக்கு நல்ல சாட்சி.

ஆங்கிலத்தில் அதற்குப் 'பெரும்பயிற்சி' என்கிற மாதிரி ஒரு பெயர். அதை வளர்ப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள், எனக்கு வேண்டாம். பசங்க "மூடி போட்டாச்சு" என்கிறார்கள். 'மூடியேற்றம்' என்று எழுதலாமா? சோடா கடை நெடி அடிக்கிறது என்று நினைப்பவர்கள் வியாழனுக்குள் வேறொன்று தாருங்கள். வெள்ளிக்கிழமை நகலெடுக்கக் கொடுக்கிறேன்.

— பெரம்பூரிலிருந்து