மலேரியா பாக்க ரெபிட் கிட் காணுமா, ஸ்லைட்டும் வேணுமா?

உப்புவெளியான்:
காச்சல் எண்டு போனா இங்க திருகோணமலையில முதல்ல எடுக்கிறது டெங்குவுக்கு என்எஸ்1 எண்ட ரத்த டெஸ்ட்தான். 2017ல கிண்ணியா பட்ட பாட்டுக்கு அது நியாயம், பிழை சொல்லல்ல. ஆனா எங்கட ஒழுங்கையில ஆபிரிக்காவில வேலை செஞ்சிட்டு வந்த பொடியன் ஒராளுக்கு டெங்கு இல்ல எண்டு வந்த பிறகுதான் எங்க இருந்து வந்த எண்டே கேட்டிருக்காங்க, அதுக்குப் பிறகு ஸ்லைட் பாக்க டவுனுக்கு ஓடினது வேற கதை. 15, 20 நிமிசத்தில கோடு காட்டுற கிட் இருக்கேக்க ஏன் இன்னும் கண்ணாடியில ரத்தம் தடவித் தேடிக்கொண்டு இருக்கிறம்? எல்லாக் கிளினிக்கிலயும் கிட்டைக் குடுத்திட்டு ஸ்லைட்டை விடுங்கோவன்.

லேப் அக்கா:
தம்பி, கிட் கிருமியைப் பாக்கிறேல்ல, கிருமி விடுற புரதத்தைத்தான் பாக்குது. ஃபல்சிபாரம் எண்ட ஆளைக் கொல்லுற மலேரியா வகைக்கு எச்ஆர்பி2 எண்டு ஒரு புரதம், மருந்து குடிச்சுச் சுகமாகி வாரக்கணக்காப் போனாலும் அது ரத்தத்தில கிடக்கும், கோடு விழும். மருந்து வேலை செய்யுதா இல்லையா எண்டு அந்தக் கோட்டை வைச்சு என்னெண்டு சொல்லுவீங்க? எத்தினை கிருமி எண்டு எண்ணவும் ஏலாது. ஆளுக்குக் கடுமையா இருந்தா டொக்டர் முதல்ல கேக்கிறதே அந்த எண்ணிக்கையைத்தான்.

உப்புவெளியான்:
அது வாட்டில படுத்த ஆளுக்கு அக்கா. நான் கேக்கிறது முதல் நாள் கண்டுபிடிக்கிறதை.

லேப் அக்கா:
அதிலயும் ஓட்டை இருக்கு. எச்ஆர்பி2 ஜீனே இல்லாத ஃபல்சிபாரம் 2010ல பெரூவில தெரிய வந்தது, பிறகு எரித்திரியாப் பக்கம் நிறைய. அந்த ஆள் இங்க வந்து இறங்கினா எச்ஆர்பி2வை மட்டும் பாக்கிற கிட் ‘இல்ல’ எண்டு காட்டும், நீங்களும் பனடோல் குடுத்து அனுப்புவீங்க. ஓவேல், மலேரியே எண்ட மத்த வகையளுக்கும் கிட் அவ்வளவு சரியில்ல.

கிண்ணியா நானா:
அக்கா சொல்றது சரிதான், ஆனா ஸ்லைட்டைத் தூக்கித் தலையில வைக்காதீங்க. 2012க்குப் பிறகு நாட்டுக்குள்ள கடிச்சு வந்த மலேரியா இல்லையெண்டே சொல்லலாம், 2016ல உலக சுகாதார நிறுவனம் சேர்ட்டிபிகட்டும் தந்திட்டு. இப்ப படிச்சிட்டு வார பிள்ளையள் உண்மையான பொசிட்டிவ் ஸ்லைட் எத்தினையைக் கண்டிரிக்கும்? தடிப்பா ஒண்டு மெல்லிசா ஒண்டு தடவி, கீம்சா எண்ட சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில நூறு இடம் பாத்துத்தான் நெகட்டிவ் எழுதணும், அதைப் பொறுமையாச் செய்ற கண் ஒரு மைக்ரோலீட்டருக்கு அம்பது கிருமி இருந்தாலே பிடிக்கும், பழக்கம் விட்ட கண் பிடிக்காது. கிருமியின்ர ஜீனைப் பாக்கிற பிசிஆர்தான் சரி.

லேப் அக்கா:
பிசிஆர் றிசல்ட் வாறதுக்குள்ள ஃபல்சிபாரம் மூளைக்கு ஏறிடும் நானா. ஸ்லைட் ஒருக்கா நெகட்டிவ் எண்டா விடுறேல்ல, 12 இல்லாட்டி 24 மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திருப்பி எடுத்து மூண்டு தரம் பாக்கணும். கண் பழக்கம் விட்டதெண்டா பழக்குங்கோ, அதுக்காக மைக்ரோஸ்கோப்பை மூடி வைக்கிறதா?

தம்பலகாமம்:
லேம்ப் எண்டு ஒரு முறை இருக்கு, பிசிஆர் மாதிரி ஜீனைத்தான் பாக்கும் ஆனா ஒரே சூட்டில, 65 டிகிரியளவில, ஒரு மணித்தியாலத்தில முடியும், அந்தப் பெரிய மெஷினும் வேணாம். மாவட்டத்துக்கு ஒண்டு போட்டாலே காணும் எண்டு நினைக்கிறன். ஆனா ஒண்டு சொல்லுங்க, இந்தியா போய் வந்து ஆறு மாசம் கழிச்சுக் காச்சல் வாற ஆளை எந்த டெஸ்ட் பிடிக்கும்? விவாக்ஸ் எண்ட மலேரியா வகை ஈரலுக்க ஒளிச்சிருக்கேக்க ரத்தத்தில ஒண்டும் இராதே.

லேப் அக்கா:
காச்சலோட வந்தா ரத்தத்தில இருக்கும், ஸ்லைட்டில பிடிக்கலாம். ஒளிச்சுக் கிடக்கேக்க எதுவும் நேராப் பிடிக்காது. கடைசி ஒன்பது மாசத்துக்குள்ள விவாக்ஸ் வந்திருக்கா எண்டு எட்டு விதமான அன்ரிபொடியை வைச்சுக் கணிக்கிற டெஸ்ட் 2020ல வெளியில வந்தது, 80 சதவீதமளவில சரி. அதை நம்பி எல்லாருக்கும் ஈரல்ல ஒளிச்சதைக் கொல்லுற ப்ரிமாகுயின் மருந்து குடுக்கேலாது, ஜீ6பிடி எண்ட நொதி குறைஞ்ச ஆளுக்கு ரத்தச் சிவப்பணு உடைஞ்சிடும்.

உப்புவெளியான்:
சரி, விசயத்துக்கு வாங்க. புல்மோட்டையில ராத்திரி எட்டு மணிக்குக் காச்சலோட ஒராள், டவுன் அம்பது கிலோமீட்டருக்கு மேல. ஸ்லைட்டா கிட்டா?

லேப் அக்கா:
ரெண்டும். ஸ்லைட்டுக்கு ரத்தத்தைத் தடவி வைச்சிட்டு அதே குத்தில கிட்டையும் போடுங்கோ. கோடு விழுந்தா உடனே அரசாங்கத்தின்ர மலேரியா இயக்கத்துக்குப் போன் அடிக்கணும், மருந்து அவங்களிட்டத்தான் இருக்கு, ஃபாமசியில வராது. விழாட்டியும் ஸ்லைட் காலமை டவுனுக்கு வரணும்.

கிண்ணியா நானா:
காலமை ஆரு கொண்டு வாற? அத முதல்ல சொல்லுங்க. கிட்டையும் அந்தத் தகரக் கூரைக்குக் கீழ வைச்சா நாப்பது டிகிரியில அவிஞ்சி போயிடும்.

உப்புவெளியான்:
பஸ்ஸில குடுத்து விடலாம் நானா, மீனே வருது.