மும்பைக்குப் புதுசா வந்த நம்ம பிள்ளைகளுக்கு: சல்லிசாவும் சும்மாவும் ஆகுற ரிப்பேர்

சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

தோஹா அண்ணாச்சி போன மடல்ல, அங்க ஒரு பேக்குக்கு ஜிப் மாத்தக் கேட்ட கூலிக்குப் புது பேக்கே வாங்கிட்டேன்னு எழுதியிருந்தாங்க. வளைகுடாவுல அது சரிதான். ஆனா இங்க தாராவியில நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன், ஒரு சக்கரம் உடைஞ்சதுக்காக நல்ல டிராலி பெட்டியக் குப்பையில போடப் போனான். அதுக்குத்தான் இந்த மடல்.

தம்பிகளா, இங்க லோக்கல் ஸ்டேஷன்னு ஒண்ணு இருந்தா பக்கத்துல செருப்புத் தைக்கிற மோச்சி ஒருத்தர் இருப்பார். செருப்பு மட்டும்னு நினைக்காதீங்க. பெட்டிச் சக்கரம், பேக் வார், பெல்ட் ஓட்டை எல்லாம் அவர்தான். ஜிப் மூடலைன்னா முழு ஜிப்பும் போச்சுன்னு அர்த்தமில்ல. தேயுறது பெரும்பாலும் ரன்னர்தான், அதாவது இழுத்து மூடுற அந்தச் சின்ன உலோகத் துண்டு. குறடால ரெண்டு ஓரத்தையும் லேசா அமுக்கிப் பாப்பார், பல்லு கடிச்சா அதோட சரி. கடிக்கலைன்னா ரன்னர மட்டும் மாத்துவார். அமுக்கி விட்டதுக்குக் காசு வாங்காத ஆளும் உண்டு. நீங்களா ஒரு டீக்காசு குடுத்துட்டு வாங்க.

அடுத்தது குடை. மும்பைக்கு மழை இறங்குற தேதின்னு வானிலைத் துறை வச்சிருக்கிறது ஜூன் 11. மே கடைசியிலயே தாதர் பக்கம் நடைபாதையில குடை ரிப்பேர்க்காரங்க உக்காந்துருவாங்க. அவங்க வேலையக் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. பக்கத்துல செத்துப்போன குடைங்க ஒரு குவியல் கிடக்கும். அதுல இருந்து நம்ம குடை நீளத்துக்கு ஒத்த கம்பியாத் தேடி உருவி எடுப்பாங்க. மூட்டுல இருக்கிற துருப்பிடிச்ச ஆணியத் தட்டித் தள்ளிட்டு, மெல்லிசுக் கம்பிய நுழைச்சு ரெண்டு முறுக்கு. பிறகு துணியோட நுனிய நூலால கட்டி, நாலு தடவை விரிச்சு மூடிக் காட்டித்தான் கையில தருவாங்க. மழை வலுத்த பிறகு போனா கூட்டம், ரேட்டும் ஏறிரும். இப்பவே போங்க.

ரூம்ல சீலிங் ஃபேன் மெதுவாச் சுத்துதுன்னு வீட்டு ஓனர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. பெரும்பாலும் கன்டென்சர்தான். 2.5 மைக்ரோஃபாரட்னு போட்டிருக்கும் சின்ன டப்பி, எந்த எலெக்ட்ரிக் கடையிலயும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். மெயின அணைச்சிட்டு, தெரிஞ்ச ஆளை வச்சு மாத்துங்க. ரேடியோ, ஆம்பிளிஃபயர், லேப்டாப் சார்ஜர் சாமான்னா கிராண்ட் ரோடு ஸ்டேஷன்ல இறங்கி லேமிங்டன் ரோடு. போர்டுல டாக்டர் பட்கம்கர் மார்க்னு இருக்கும், யாரும் அப்படிச் சொல்றதில்ல. செல்போன் டிஸ்ப்ளே மட்டும் ரோட்டோரத்துல மாத்தாதீங்க. டூப்ளிகேட்ட மாட்டிட்டா கம்பெனி வாரண்டியும் போயிரும்.

இனி சும்மா கிடைக்கிறது. இதுலதான் நம்மாளுங்க ஏமாறுறோம். கேஸ் சிலிண்டர் கசிஞ்சா 1906-க்குப் போன் போடுங்க, ராத்திரியும் எடுப்பாங்க. சிலிண்டர் வாய்க்குள்ள இருக்கிற ரப்பர் வளையம் தேஞ்சிருந்தா அதுக்குக் காசு தரத் தேவையில்ல. (பைப் கேஸ் வீட்டுக்கு இது வேற கணக்கு.)

ஃபிரிட்ஜ் விஷயத்துல டோம்பிவிலி மதினி கதையக் கேளுங்க. வந்த மெக்கானிக் கம்ப்ரஸர் போச்சுன்னு ஒரு பெரிய தொகையச் சொல்லிட்டான். மதினி அசரல. பீரோவுல இருந்து வாரண்டி கார்ட எடுத்து நீட்டினாங்க. மொத்த ஃபிரிட்ஜுக்கு 1 வருஷம்தான், ஆனா கம்ப்ரஸருக்கு மட்டும் 10 வருஷம்னு அதுல அச்சடிச்சிருக்கு. பல கம்பெனிக்கு இப்படித்தான், வாஷிங் மெஷின் மோட்டாருக்கும் தனி வருஷம் இருக்கும். கம்ப்ரஸர் சும்மா வந்துச்சு; கேஸ் நிரப்பினதுக்கும் வந்துபோன கூலிக்கும்தான் காசு. அதனால பில்லைப் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. கடைப் பில் எழுத்து வெயில்லயும் சூட்டுலயும் அழிஞ்சிரும்.

கம்பெனி இழுத்தடிச்சா 1915, நுகர்வோர் உதவி எண். தமிழ்லயே பேசலாம், இந்தி வராத பிள்ளைகள் தயங்க வேண்டாம். 2022 டிசம்பர்ல அரசாங்கம் ‘ரைட் டு ரிப்பேர்’னு ஒரு வலைத்தளம் தொறந்துச்சு. அதுல சேந்திருக்கிற கம்பெனிகளோட சர்வீஸ், உதிரிபாகம், வாரண்டி விவரம் கிடைக்கும்.

எனக்கும் ஒரு உதவி வேணும். கிரைண்டர் குழவி வழுவழுன்னு தேஞ்சு போய், உளுந்து அரையவே மாட்டேங்குது. தாணே பக்கம் கல்லு கொத்துற ஆள் யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க. இல்லைன்னா தாதர்–திருநெல்வேலி வண்டியில ஊருக்குப் போறவங்க யாராவது குழவிய மட்டும் கொண்டுபோய்க் கொத்தி வாங்கிட்டு வாங்க. கனம்தான், லக்கேஜ்க்கு ஆகுறத நான் தந்துருதேன்.