கிராமப்புறக் கவுண்டியில் பப்ளிக் ஸ்கூல்களை எப்படி ஒப்பிடுவது? (வட கரோலினா)

கேள்வி: மோரிஸ்வில்_வாசி

சாத்தம், கிரான்வில் கவுண்டிகள் பக்கம் வீடு தேடுகிறோம். மகள் 7ஆம் வகுப்பு, மகன் 2ஆம் வகுப்பு. வீடு விற்கும் தளத்தில் ஒரு பள்ளிக்குப் பத்துக்கு 4, கொஞ்சம் தள்ளி இன்னொன்றுக்கு 7 என்று போட்டிருக்கிறது. மாநில ரிப்போர்ட் கார்டில் முதலாவது சி, அடுத்தது பி. இதை நம்பி முடிவெடுக்கலாமா? நேரில் போனால் என்ன கேட்பது?

பதில்: கணக்கு_வாத்தியார்

முதலில் அந்த எழுத்தைப் பிரித்துப் பாருங்கள். அதில் 80 சதவீதம் தேர்ச்சி (பரீட்சையில் எத்தனை பேர் தேறினார்கள் என்பது), 20 சதவீதம்தான் வளர்ச்சி (பிள்ளைகள் ஒரு வருடத்தில் எவ்வளவு முன்னேறினார்கள் என்பது). மொத்தம் 85 என்றால் ஏ, 70 என்றால் பி, 55 என்றால் சி. தேர்ச்சி 60, வளர்ச்சி 85 உள்ள பள்ளிக்கு 48 + 17 = 65, அது சி. தேர்ச்சி 72, வளர்ச்சி 65 உள்ள பள்ளிக்கு 57.6 + 13 = 70.6, அது பி. ஆனால் வளர்ச்சியில் 85 என்பது 'எதிர்பார்த்ததற்கு மேல்'. 70க்குக் கீழே போனால் 'எட்டவில்லை'. ஆக, சி வாங்கிய பள்ளிதான் பிள்ளைகளை முன்னே நகர்த்தியிருக்கிறது. பி வாங்கியது, ஏற்கெனவே படிக்கத் தெரிந்து வந்த பிள்ளைகளின் புண்ணியத்தில் வாங்கியது.

ஒரே ஒரு வருடத்தை வைத்தும் தீர்ப்பு சொல்லாதீர்கள். 3ஆம் வகுப்பில் மொத்தமே 40 பேர் என்றால் ஒரு பிள்ளை தேறாவிட்டால் 2.5 புள்ளி இறங்கும். காய்ச்சலோடு பரீட்சை எழுதிய நாலு பேர் போதும், பத்துப் புள்ளி காணாமல் போக. மூன்று வருட வளர்ச்சியை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

தேர்ச்சி சதவீதத்திலும் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று, மாநிலப் பரீட்சையில் லெவல் 3, 4, 5 (5தான் உச்சம்) மூன்றையும் சேர்த்தது. மற்றது 4, 5 மட்டும். முதலாவதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள், இரண்டாவதை ஒப்பிடுங்கள்.

'இலவச மதிய உணவு 100%' என்று பார்த்துப் பயப்படவும் வேண்டாம். தகுதியான பள்ளிகளில் விண்ணப்பமே இல்லாமல் எல்லாப் பிள்ளைக்கும் சாப்பாடு போடும் கூட்டரசுத் திட்டம் இருக்கிறது. 2023இல் அதன் தகுதி வரம்பு 40இலிருந்து 25 சதவீதமாகக் குறைந்தது. அந்த எண்ணிலிருந்து வறுமையை அளக்க முடியாது.

பதில்: ஹைஸ்கூல்_அம்மா

மூத்தவளுக்கு நேரம் குறைவு, அதனால ஹைஸ்கூல் பக்கம் சொல்றேன். 8ஆம் வகுப்புல மேத் 1 (ஹைஸ்கூலோட முதல் கணக்குப் பாடம்) அதே மிடில் ஸ்கூல்ல நடக்குதான்னு கேளுங்க. முடிச்சிட்டா 9ல மேத் 2, 10ல மேத் 3, 11ல ப்ரீகால்குலஸ், 12ல ஏபி (காலேஜ் தரத்துப் பாடம், கடைசில தனிப் பரீட்சை உண்டு) கால்குலஸ். இல்லேன்னா எங்கேயாவது ஒரே வருஷத்துல ரெண்டு கணக்கு எடுக்கணும். செமஸ்டர் பிளாக் முறை, அதாவது ஒரு வருஷப் பாடத்தை ஒரே செமஸ்டர்ல முடிக்கிற முறை, இருக்கிற ஸ்கூல்ல அது முடியும்.

அந்தப் பிளாக் முறையில ஒரு சிக்கலும் இருக்கு. ஏபி பாடம் இலையுதிர் செமஸ்டர்ல முடிஞ்சிட்டா, பரீட்சை மே மாசம். நடுவுல மாசக்கணக்கா அந்தப் பாடமே இல்லை. வசந்த செமஸ்டர்ல வந்தாலோ, பாடம் முழுசா முடியுறதுக்குள்ள பரீட்சை வந்துடும். வருஷம் பூரா நடத்துறாங்களா, இடைவெளிக்குத் திருப்புதல் வகுப்பு உண்டான்னு கேளுங்க.

இன்னொண்ணு: கோர்ஸ் கேட்டலாக் பார்த்து ஏமாறாதீங்க. அதுல பதினைந்து ஏபி இருக்கும். ஆள் சேரலைன்னா பாதி நடக்காது. 'இந்த வருஷம் நிஜமா நடக்கிற வகுப்புகளோட பட்டியல், மாஸ்டர் ஷெட்யூல் காட்டுங்க'ன்னு ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட கேளுங்க. எது ஆசிரியர் நேர்ல நடத்துறது, எது மாநில விர்ச்சுவல் ஸ்கூல் வழியா ஆன்லைன்லயான்னு அப்பதான் தெரியும்.

ஏபி கம்மின்னா உடனே ஒதுக்கவும் வேண்டாம். 11, 12 பிள்ளைங்க கம்யூனிட்டி காலேஜ் பாடத்தை டியூஷன் ஃபீஸ் இல்லாம எடுக்கலாம். கேட்க வேண்டியது அந்தப் பாடம் எங்க நடக்குது, போக வர பஸ் உண்டான்னு. ஏர்லி காலேஜ் (ஹைஸ்கூல் படிப்போட காலேஜ் பாடமும் சேர்த்து நடத்துற ஸ்கூல்) இருந்தா இன்னும் நல்லது, ஆனா பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் டீம் இருக்காது.

பதில்: மோரிஸ்வில்_வாசி

இருவருக்கும் நன்றி. மகன் இப்போது ஏஐஜி (திறமை மிகுந்த பிள்ளைகளுக்கான சிறப்புத் திட்டம்) சோதனை எழுதப் போகிறான். அந்தத் தகுதி அங்கே செல்லுமா? அப்புறம், ஒரு மாணவருக்கு ஆகும் செலவு கிராமக் கவுண்டியில் அதிகமாகக் காட்டுகிறதே, அது நல்லதுதானே?

பதில்: கணக்கு_வாத்தியார்

ஏஐஜி தானாகச் செல்லாது. ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) மூன்று வருடத்துக்கு ஒரு முறை தன் திட்டத்தைத் தானே எழுதுகிறது. தகுதி வரம்பு மாறும். சோதனை முடிவுத் தாளின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். ஏஐஜி ஆசிரியர் அந்தப் பள்ளியிலேயே இருக்கிறாரா, வாரம் ஒரு நாள் வந்து போகிறவரா என்றும் கேளுங்கள். கணக்கில் லெவல் 5 வாங்கினால் அடுத்த வருடம் மேம்பட்ட கணக்கில் இடம் தரச் சொல்லி மாநிலச் சட்டமே இருக்கிறது.

செலவு எண்ணை நம்பாதீர்கள். 200 பிள்ளைக்கும் ஒரு பிரின்சிபல்தான், 600 பிள்ளைக்கும் ஒருவர்தான். நீண்ட பஸ் ரூட்டுக்கு டீசல் வேறு. சின்னப் பள்ளியில் தலைக்கான செலவு கூடத்தான் செய்யும், வகுப்பறைக்குள் அது போகிறது என்று அர்த்தமில்லை. நான் பார்ப்பது ஆசிரியர் நிலவரம். அடிப்படைச் சம்பளப் பட்டியல் மாநிலம் முழுக்க ஒன்றுதான்; அதன்மேல் கவுண்டி தரும் கூடுதல் தொகையான சப்ளிமென்ட்தான் வேறுபடும். பக்கத்துக் கவுண்டி அதிகம் தந்தால், மூன்று நாலு வருடம் பழகிய ஆசிரியர் அங்கே போய்விடுவார். ஆகஸ்டில் மாவட்டத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கணக்கு, சிறப்புக் கல்வி இடங்கள் காலியாகவே இருந்தால் ரிப்போர்ட் கார்டை விட அது உண்மையைச் சொல்லும்.

பதில்: சாலை_வரைபடம்

தபால் முகவரியை மட்டும் பார்த்து வீட்டுக்கு ஆஃபர் போடாதீர்கள். கேரி என்று முகவரி இருக்கும், வீடு சாத்தம் கவுண்டியில் இருக்கும். சேப்பல் ஹில் என்று இருக்கும், பள்ளி சேப்பல் ஹில்-கார்போரோ மாவட்டம் அல்ல, சாத்தம் மாவட்டம். சொத்து வரி எந்தக் கவுண்டிக்குப் போகிறது என்று கவுண்டியின் இணைய நில வரைபடத்தில் (ஜிஐஎஸ்) பாருங்கள். பிறகு மாவட்ட அலுவலகத்துக்கு முழு முகவரியோடு மின்னஞ்சல் அனுப்பி, எலிமென்டரி, மிடில், ஹை என மூன்று நிலைப் பள்ளிகளின் பெயரையும் எழுத்தில் வாங்குங்கள். அதே மின்னஞ்சலிலேயே காலை பஸ் வரும் நேரத்தையும் கேட்டுவிடுங்கள்.