முதல் கியரை யார் சொல்லித்தரணும்: அப்பாவா, டிரைவிங் ஸ்கூலா?

தேரடி வாசல் (இழையைத் தொடங்கியவர்)

பையனுக்கு 18 முடிஞ்சு எல்.எல்.ஆர் (பழகறவங்களுக்கான லைசென்ஸ்) வந்தாச்சு. வண்டி 2013 ஆல்ட்டோ, மேனுவல், டி.என் 03. வீடு திருவொற்றியூர். ஸ்கூல்ல சேர்க்கலாமா, அப்பாவே பக்கத்துல உக்காந்து சொல்லித்தரலாமான்னு வீட்ல ரெண்டு கட்சி. காசு பிரச்னை இல்ல. அப்பனும் மவனும் சேர்ந்து செய்ய ஒரு வேலை இருக்கட்டுமேன்னுதான் யோசனை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரெண்டாம் கியர்

சந்தேகமே வேணாம், அப்பாதான். ஸ்கூல் வண்டியில வாத்தியார் காலுக்கடியிலயும் க்ளச்சும் பிரேக்கும் இருக்கும். பையன் க்ளச்சை வேகமா விட்டா வாத்தியார் தன் கால்ல அமுக்கிடுவாரு, வண்டி அணையாது. பையன் தனக்கு வந்துட்டுதுன்னு நெனச்சிப்பான். வீட்டு வண்டியில உக்காந்த முதல் நாளே எட்டு தடவை அணையும்.

அப்பா செய்ய வேண்டிய முதல் பாடம் ரோடே இல்ல. சமதளத்துல இஞ்சின் ஓடட்டும், க்ளச் முழுசா உள்ள, முதல் கியர், ஹேண்ட்பிரேக் கீழே. ஆக்சிலேட்டர்ல கால் வைக்கவே கூடாது. குதிகால் தரையில ஊனி, க்ளச்சைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும். இஞ்சின் சத்தம் ஒரு படி இறங்கும், பானட் லேசா மூக்கைத் தூக்கும். அங்கேயே ரெண்டு செகண்ட் பிடிச்சு, மறுபடி அமுக்கணும். இதை 30 தடவை. அப்புறம் அதே இடத்தைத் தாண்டி விட்டா வண்டி தானா நடை வேகத்துல நகரும். சின்ன வண்டியில ஆர்.பி.எம் முள்ளைப் பார்க்க வேணாம், காது போதும். இந்தப் பொறுமை மணிக்கணக்குல சம்பளம் வாங்கறவருக்கு வராது, நைனாவுக்குத்தான் வரும்.

மணலி ஸ்பேனர்

பாடம் சரி. வாத்தியார் தேர்வுதான் தப்பு.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் மூன்றாவது விதியைப் படியுங்கள். கற்றுக்கொள்பவர் ஓட்டும்போது லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது. வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்கூல் காரில் டூயல் கன்ட்ரோல் (வாத்தியார் பக்கமும் பெடல்) கட்டாயம் என்பதும் அதே விதிகளில்தான் வருகிறது. ஆல்ட்டோவில் அப்பாவுக்கு என்ன இருக்கிறது? வலக்கைக்கு எட்டுகிற ஹேண்ட்பிரேக் ஒன்றுதான். அதுவும் கேபிள் வழியாகப் பின் சக்கரத்தை மட்டும் பிடிப்பது. 15 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கும். 50-இல் சடாரென்று இழுத்தால் பின் டயர் லாக் ஆகி வால் பக்கவாட்டில் வீசும். அதை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்து இழுப்பவர்கள் இருக்கிறார்கள், அது இன்னும் மோசம். பையன் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் திருப்ப, வண்டி மூன்றாவதாக ஒரு பக்கம் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பாக்கள் சொல்லித்தருவது கார்புரேட்டர் காலத்து டிரைவிங். "ரேஸ் குடுத்துட்டு க்ளச்சை விடு" என்பார்கள். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் ஐடில் வேகம் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இஞ்சின் ஓடும் வேகம்) இறங்கினால் ஈ.சி.யூ எனும் இஞ்சின் கம்ப்யூட்டர் தானாகத் தூக்கிக் கொடுக்கும். முதலில் ரேஸ் கொடுத்தால் க்ளச் பிளேட்தான் தேயும். "பாலத்துல இறங்கும்போது நியூட்ரல்ல உருட்டு, பெட்ரோல் மிச்சம்" என்பார்கள். கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்குப் பெட்ரோல் குடிக்கும், இஞ்சின் பிடிப்பும் போய்விடும்.

ரெண்டாம் கியர்

> கார்புரேட்டர் காலத்து டிரைவிங்

ஸ்பேனர் சார், "பிரேக்கை விட்டு விட்டு அமுக்கு"ன்னு அப்பா சொல்றதையும் இந்தப் பட்டியல்ல சேர்ப்பீங்கன்னு எதிர்பார்த்தேன். சேர்க்கல, ஏன்னா இந்த வண்டி 2013. புதுக் கார்கள்ல ஏ.பி.எஸ் (பிரேக் போட்டா சக்கரம் லாக் ஆகாம பார்த்துக்கற அமைப்பு) கட்டாயமானது 2019 ஏப்ரல்ல. ஏ.பி.எஸ் இல்லாத வண்டியில சக்கரம் லாக் ஆனா பிரேக்கை விட்டுப் பிடிக்கறதுதான் சரி. ஏ.பி.எஸ் இருந்தா நல்லா அமுக்கி அப்படியே பிடிக்கணும், பெடல் உதறும், விடக்கூடாது. வீட்டு வண்டிக்கு எது பொருந்தும்னு அப்பாவுக்குத் தெரியும். ஸ்கூல்ல எல்லாருக்கும் ஒரே பாட்டுதான்.

மணலி ஸ்பேனர்

ஏ.பி.எஸ் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வண்டியில் அது இருக்கிறதா இல்லையா என்று எத்தனை அப்பாக்கள் பார்த்திருப்பார்கள்? சாவி போட்டதும் டேஷ்போர்டில் ஏ.பி.எஸ் விளக்கு எரிந்து அணைந்தால் இருக்கிறது. எரியவே இல்லையென்றால் பெரும்பாலும் இல்லை, விளக்கு பழுதாகவும் இருக்கலாம். கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எண்ணூர்க்காரி

ரெண்டு பேரும் காலி ரோட்டை மனசுல வெச்சிட்டுப் பேசறீங்க. கேள்வி கேட்டவர் இருக்கறது திருவொற்றியூர். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஹார்பருக்குப் போற கன்டெய்னர் வண்டிதான். அப்பாவோ ஸ்கூலோ, டிரெய்லரைச் சொல்லித்தராதவர் இந்த ஏரியாவுல வாத்தியாரே இல்ல.

40 அடி டிரெய்லர் லெஃப்ட்ல திரும்பணும்னா முதல்ல வலப்பக்கம் ஒதுங்கும். அதைப் பார்த்து, வழி விடறான்னு நெனச்சு இடது சந்துல மூக்கை நுழைக்கறது புதுசா ஓட்டறவங்க செய்யற தப்பு. பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்துல வராது, உள்பக்கமா வெட்டிட்டு வரும். அந்தச் சந்துல இருக்கறது நசுங்கும். வண்டி நேராப் போனாலும் அவன் கண்ணாடியில டிரைவர் முகம் தெரியலன்னா அவனுக்கும் உங்களைத் தெரியாது. மேம்பாலத்துல டிரெய்லர் பின்னாடி நின்னா, அவன் பின் டயர் தரையைத் தொடற இடம் உங்க பானட்டுக்கு மேல முழுசாத் தெரியணும், அவ்வளவு இடம் விடுங்க. கிளம்பும்போது அவனும் கொஞ்சம் பின்னாடி உருளுவான்.

ராத்திரி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஓரம் கட்டின டிரெய்லர் சிலதுக்கு பின்னாடி ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் தூசியில மறைஞ்சிருக்கும். எல்போர்டோட முதல் மாசம் பொழுது சாஞ்சா அந்த ரோடு வேணாம்.

இன்னொண்ணு. கேள்வியில பையன் மட்டும்தானா? மகளுக்கும் இதே க்ளச்தான்.

ரெண்டாம் கியர்

மேடம் சொன்னது சரி. பையன்னு எழுதின இடத்துல எல்லாம் மகளையும் சேர்த்துப் படிச்சுக்குங்க.

ஜாக்கி ராடு

இந்தச் சண்டையில ஒரு விஷயம் விட்டுப்போச்சு. அப்பா கெட்ட வாத்தியாரா ஆகறது வண்டி அறிவுல இல்ல, வாயில. "டேய் டேய் டேய்"னு கத்தினா அது கட்டளையா? பிரேக் போடணுமா, ஸ்டியரிங்கை ஒடிக்கணுமா, க்ளச்சை அமுக்கணுமா, பையனுக்கு எப்படித் தெரியும்? அவன் அப்பா மூஞ்சைத் திரும்பிப் பார்ப்பான். ரோட்டுல இருந்து கண் எடுத்தாச்சு, அடுத்து என்ன ஆகும்னு சொல்லவே வேணாம்.

வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி வார்த்தையைப் பேசி வெச்சுக்கணும். "நிறுத்து"ன்னா க்ளச்சும் பிரேக்கும் சேர்த்து முழுசா, வேற அர்த்தம் கிடையாது. "மெல்ல"ன்னா ஆக்சிலேட்டரை விடறது மட்டும். திரும்பற இடத்தை 50 மீட்டர் முன்னாடியே சொல்லணும், "அந்த ஏ.டி.எம் தாண்டி லெஃப்ட்"னு அடையாளத்தோட. பையன் தப்பு செஞ்சா ஓடற வண்டியில விளக்கம் வேணாம். ஓரம் கட்டி, இஞ்சினை அணைச்சிட்டுப் பேசணும். ஒரு தடவைக்கு 25 நிமிஷம் போதும், அதுக்கு மேல இடது முழங்கால் நடுங்க ஆரம்பிக்கும். ஸ்கூல் காருல இருக்கற மாதிரி ரெண்டாவது உள்கண்ணாடி ஒண்ணு, ரப்பர் உறிஞ்சியோட கடையில கிடைக்கும், முன் கண்ணாடியில அப்பா உக்கார்ற பக்கமா ஒட்டிக்கணும். பின்னாடி என்ன வருதுன்னு தெரியாத அப்பாதான் அதிகமாக் கத்துவாரு.

மணலி ஸ்பேனர்

இதைத்தான் நானும் கேட்கிறேன். இத்தனை ஏற்பாடு செய்துகொண்டு எதற்கு அப்பா? முதல் 10 நாள் ஸ்கூலில் விடுங்கள். ஸ்டியரிங், க்ளச், ரிவர்ஸ் அங்கே படியட்டும். "உங்கள் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிடுங்கள், அணைந்தால் அணையட்டும்" என்று வாத்தியாரிடம் பையனே கேட்கலாம். அப்பா, பிள்ளை உறவுக்கு ஸ்கூல் தொடவே தொடாத வேலை நிறைய இருக்கிறது.

ஸ்டெப்னி மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக், முதல் கியர், குறுக்கே எதிர் மூலை சக்கரத்துக்குக் கல். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்த வேண்டும். ஜாக்கி ஏற்றிய பிறகு தளர்த்தப் போனால் சக்கரம் சுழலும், வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். ஜாக்கி வைக்கிற இடம் கதவுக்குக் கீழே தகட்டு விளிம்பில் இரண்டு வெட்டுகளுக்கு நடுவே. வேறு எங்கே வைத்தாலும் தகடு மடங்கும். மாட்டும்போது நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிர் எதிராக இறுக்குங்கள். ஸ்பேனர் மேல் ஏறி மிதிக்காதீர்கள், அடுத்த பஞ்சரில் கழற்ற வராது. 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். காற்றழுத்தம் டிரைவர் கதவு திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. பங்க் பையன் வாயில் வருகிற எண்ணை நம்ப வேண்டாம்.

ஆயில் பார்ப்பது அதைவிட எளிது. சமதளம், இஞ்சின் அணைத்து ஐந்து நிமிடம், டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தால் இரண்டு குறிகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது தொடக்கூடாது என்பதை மட்டும் கத்தியே சொல்லலாம்.

ரெண்டாம் கியர்

பானட்டுக்கு அடியில உறவு, ரோட்டுல ஸ்கூல். நல்ல பிரிவினை சார்! ஆனா மழையில கணேசபுரம் சுரங்கப்பாதையில தண்ணி நிக்கும்போது போகலாமா திரும்பலாமான்னு முடிவு எடுக்கறதை ஸ்கூல்ல எந்த நாள் பாடத்துல வெச்சிருக்காங்க? தண்ணி பாதி டயருக்கு மேல இருந்தா இறங்கவே கூடாது. நடுவுல அணைஞ்சா சாவியைத் தொடக்கூடாது. சிலிண்டர்ல தண்ணி போயிருந்தா அதை அமுக்க முடியாது, இஞ்சினுக்குள்ள பிஸ்டனைத் தாங்கற கனெக்டிங் ராடுதான் வளையும். தள்ளித்தான் வெளிய கொண்டாரணும். ஆழம் கம்மின்னு தாண்டி வந்துட்டா பிரேக்கை லேசா ரெண்டு மூணு தடவை தொட்டுக் காயவெக்கணும். இதெல்லாம் பக்கத்து சீட்ல இருந்து சொன்னாத்தான் ஏறும்.

மேம்பாலத்து ஏத்தமும் அப்படித்தான். பேசின் பிரிட்ஜ்ல பாதியில நின்னா: ஹேண்ட்பிரேக் மேலே, முதல் கியர், க்ளச் பிடிக்கிற இடம் வரைக்கும், சத்தம் இறங்கினதும் கொஞ்சம் ஆக்சிலேட்டர், வண்டி முன்னாடி இழுக்கறது தெரிஞ்சப்புறம்தான் ஹேண்ட்பிரேக்கை விடணும். முன்னாடியே விட்டா பின்னாடி நிக்கற ஆட்டோவோட பேச்சுவார்த்தை.

எண்ணூர்க்காரி

ஹேண்ட்பிரேக், ஹேண்ட்பிரேக்னு எல்லாரும் எழுதறீங்க. இது கடல் பக்கம். கடற்காத்து உப்பு அந்தக் கேபிளைத்தான் முதல்ல தின்னும். உறைக்குள்ள துரு ஏறினா லீவரை இழுத்தா ஏறும், விட்டா பிரேக் ரிலீஸ் ஆகாது. இல்லன்னா ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். அப்பா கையில இருக்கற ஒரே ஆயுதம் அதுதான்னா, அதை முதல்ல பார்க்க வேணாமா?

தேரடி வாசல்

நல்லா சூடு பிடிச்சிடுச்சு. ஞாயித்துக்கிழமை காலையில மணலி புதுநகர் உள்ரோடு, இல்லன்னா கடற்கரை மணல்னு யோசிக்கிறோம். மணல் பரவாயில்லையா?

ஜாக்கி ராடு

மணல் வேணாம். சக்கரத்தை மணல் பிடிச்சுக்கறதால க்ளச் பிடிக்கிற இடமே மாறித் தெரியும். புதையும், ரேஸ் குடுப்பான், இன்னும் புதையும். ஒருகாலத்துல சோழவரத்துல, இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துலயே கார் ரேஸ் நடந்துது. அந்த மாதிரி காலி இடம் இப்ப நமக்குக் கிடைக்காது. உள்ரோடு, காலை 6 மணி, போதும். முன்னாடியும் பின்னாடியும் எல்போர்டு ஒட்டணும், வெள்ளைப் பின்னணியில சிவப்பு எழுத்து, பலகை 18 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது.

பக்கத்து வீட்டுப் பையன் யாராவது "நானும் ஒரு ரவுண்டு"ன்னு வருவான். 18 ஆகாதவன்னா வேணாம். மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தத்துக்கு அப்புறம் வண்டிக்காரருக்கு 3 வருஷம் வரைக்கும் சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாசம் ரத்து. பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது.

மணலி ஸ்பேனர்

ஞாயிறு வரை பொறுக்காமல் சனிக்கிழமையே எண்ணூர்க்காரி மேடம் சொன்னதைப் பாருங்கள். லீவரை இழுக்கும்போது க்ளிக் சத்தத்தைப் பையனே எண்ணட்டும். ஏழு, எட்டுக்கு மேல் போனால் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். பிறகு காலி ரோட்டில் அப்பா 15 கிலோமீட்டரில் ஓட்ட, பையன் இடது சீட்டிலிருந்து பட்டனை அமுக்கியபடி லீவரை மெதுவாக இழுத்துப் பார்க்கட்டும். வண்டி நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் இரண்டில் ஏதோ ஒரு பக்கக் கேபிளோ டிரம்மோ சரியில்லை. இடம் மாறி உட்கார்வதும் நல்லதுதான். தன் உயிர் எந்த லீவரில் தொங்குகிறது என்று பையனுக்கும் தெரியட்டும்.

ரெண்டாம் கியர்

ஸ்பேனர் சார், கடைசியில நீங்களே அப்பாவையும் மவனையும் ஒரே வண்டியில ஏத்திட்டீங்க.

மணலி ஸ்பேனர்

சனிக்கிழமைக்கு மட்டும். திங்கள்கிழமை ஸ்கூல்தான். கேபிள் மாற்ற நேர்ந்தால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.