கோவில் வீடு, பினாங்கு
(குடும்பக் குழு: மேலவீடு)

சுப்பு: [படம்] பினாங்கு ஸ்ட்ரீட்டில் நிற்கிறேன். மீட்டிங் மதியம்தான். ஐயா இருந்த வீடு இதுதானே?

பெரியப்பா: இல்லையப்பா. இது கோவில் வீடு, நம் நகரத்தார் செட்டியார்களுக்குப் பொது. ஐயா இருந்தது அந்த வட்டாரத்தில் ஒரு கிட்டங்கியில். சாமி காரியம், பொதுக் காரியம் என்றால் எல்லாரும் கூடுவது கோவில் வீட்டில்.

சுப்பு: கிட்டங்கி என்றால் பாங்க் மாதிரியா?

பெரியப்பா: பாங்கும் அதுதான், படுக்கையும் அதுதான். நீளமான கடைவீடு. கீழே வரிசையாகப் பெட்டியடிகள், ஒரு விலாசத்துக்கு, அதாவது ஒரு வட்டிக்கடைக்கு, ஓர் இடம். பாய், உட்கார்ந்து எழுதச் சின்ன மேசை, பக்கத்தில் அலமாரி, இரும்புப் பெட்டி. மொத்தக் கடையே அவ்வளவுதான். சீனர், மலாய்க்காரர், தோட்டக்காரர், ஈயச் சுரங்கக்காரர் எல்லாரும் கடன் கேட்டு அங்கேதான் வருவார்கள். ராத்திரி பேரேட்டை மூடிவிட்டுப் பாயை விரிப்பது. சமையல் பொது, செலவு பங்கு.

பெரியப்பா: சேர்ந்ததும் கடையை நடத்துகிற மேலாள் ஆகிவிட முடியாது. முதலில் பெட்டியடிப் பையன். கூட்டுவது, எடுபிடி, அப்புறம் கணக்கு. அதைத் தாண்டினால் அடுத்தாள், மேலாளுக்கு அடுத்த இடம். பிறகுதான் மேலாள். ஐயா மூன்று படியும் ஏறினவர்.

காரைக்குடி அத்தை: ஏறினார் சரி. இங்கே அப்பத்தா பட்டதை யார் சொல்வது? சம்பளச் சீட்டு என்று வேலை ஒப்பந்தம் எழுதினால் மூன்று வருஷம் ஊர்ப்பக்கம் தலை காட்ட முடியாது. கிட்டங்கி முழுக்க ஆண்கள்தான், வீட்டுப் பெண்களைக் கூட்டிப் போகிற வழக்கம் கிடையாது. பெரியண்ணன் பிறந்து நடக்கிற வயதில்தான் அவர் வந்தார். ஊஞ்சலில் உட்கார விடாமல் அண்ணன் ஒரே அழுகையாம் 😂

பெரியப்பா: அதை இங்கே போடணுமா?

சிங்கப்பூர் சித்தப்பா: போடு ஆச்சி, பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். சுப்பு, உன் அதிர்ஷ்டம், அந்தத் தெரு இன்னும் இருக்கிறது. இங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளை 1970களில் இடித்துவிட்டார்கள், இப்போது எல்லாம் மாடிக் கட்டடம். நம் டேங்க் ரோடு முருகன் கோவில் மட்டும் 1859லிருந்து அதே இடத்தில். நீ நிற்கிற ஜார்ஜ் டவுனை 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததால் அங்கே அப்படி இடித்துத் தள்ள முடியாது.

சுப்பு: ஐயா எப்படிப் போனார்? விமானமா?

பெரியப்பா: விமானமா! ரஜூலா கப்பல். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கில் இறங்கலாம். 1926இல் கட்டின கப்பல், எழுபதுகள் வரை ஓடியது.

சுப்பு: பர்மாவிலும் நம் ஆட்கள் இப்படித்தானா?

பெரியப்பா: அங்கே இன்னும் பெரிசு. ரங்கூன் மொகல் தெருக் கோவிலில் மாதாமாதம் கூடி நடப்பு வட்டி இவ்வளவு என்று முடிவு செய்வார்கள். நகரத்தார் தங்களுக்குள் கொடுத்து வாங்குவதற்கு அதுதான் வட்டி.

காரைக்குடி அத்தை: பெருமையை மட்டும் சொன்னால் எப்படி அண்ணே? 1930க்குப் பிறகு நெல் விலை விழுந்தது, கடனைக் கட்ட முடியாமல் விவசாயிகள் நிலத்தை விட்டார்கள். 1938இல் கீழ்ப் பர்மா விளைநிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நம்மவர் கையில். அந்த ஊர்க்காரனுக்கு வயிறு எரியாதா?

பெரியப்பா: நிலம் வேண்டும் என்று யாரும் கடன் கொடுக்கவில்லை. பணம் திரும்பி வந்தால் போதும் என்றுதான் இருந்தார்கள்.

காரைக்குடி அத்தை: நிலத்தை இழந்தவனிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சிங்கப்பூர் சித்தப்பா: இரண்டு பேரும் பொங்கலுக்கு நேரில் வைத்துக்கொள்ளுங்கள் 🙏 சுப்பு, வெள்ளி ரதம் பார்த்திருக்கிறாயா?

சுப்பு: வீடியோவில்தான்.

சிங்கப்பூர் சித்தப்பா: 1894இல் காரைக்குடியில் செய்து கப்பலில் பினாங்குக்குப் போனது. தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலையில் நீ நிற்கிற வீட்டிலிருந்துதான் முருகன் புறப்படுவார். தண்ணீர்மலைக் கோவில் போய்ச் சேரப் பொழுதாகிவிடும். வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள், சீனர்களும் குவியல் குவியலாகப் போட்டு உடைப்பார்கள். செருப்பில்லாமல் நடந்தால் ஓட்டுச்சில் குத்தும், பார்த்து.

சுப்பு: வாசல் கதவு திறந்திருக்கிறது. உள்ளே போகலாமா?

பெரியப்பா: யாராவது இருந்தால் கேட்டுவிட்டுப் போ. எந்த ஊர், நகரத்தாரில் எந்தக் கோவில் பிரிவு என்று விசாரிப்பார்கள். நம்முடையது இளையாத்தங்குடி, மறந்துவிடாதே.

காரைக்குடி அத்தை: சட்டையை இன் பண்ணிக்கொண்டு போ. படத்தில் பார்க்கச் சகிக்கவில்லை.