எச்.டி.எல். புரதம் அப்போ ஏ-1: படத்துக்குப் படம் வடிவம் மாறுவது ஏன்?

துணுக்காய் மாணவன்:
வணக்கம். நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் பயில்கிறேன். புரதக் கட்டமைப்புக்கு உதாரணமாக வகுப்பில் ஹீமோகுளோபினைப் படித்தோம். எந்த நூலைத் திறந்தாலும் அதன் வடிவம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. ஆனால், இரத்தத்தில் கொலஸ்திரோலைக் காவும் எச்.டி.எல். (உயர் அடர்த்தி லிப்போபுரதம்) துணிக்கைகளின் புரதமான அப்போலிப்போபுரதம் ஏ-1 (அப்போ ஏ-1) பற்றி ஒப்படைக்காகத் தேடியபோது, ஒரு படத்தில் அது குதிரை லாடமாகவும், இன்னொன்றில் தட்டைச் சுற்றிய வளையமாகவும், வேறொன்றில் சுருளிகளின் கற்றையாகவும் காணப்பட்டது. இவற்றுள் எதனை வரைவது சரி?

கிளிநொச்சி ஆசிரியர்:
தம்பி, அந்தப் புரதத்துக்கு ஒரே வடிவம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஹீமோகுளோபின் தன் நீர்வெறுப்புப் பகுதிகளை உள்ளே மடித்து வைத்துக்கொண்டு உறுதியாக நிற்கும். அப்போ ஏ-1 அப்படியன்று. அது கொழுப்பைச் சந்திக்கும்போது தன்னைத் திறந்துகொள்ள வேண்டிய புரதம்.

அது 243 அமினோ அமிலங்களைக் கொண்ட ஒற்றைச் சங்கிலி; திணிவு ஏறத்தாழ 28,000 டோல்ற்றன். 44ஆவது அமினோ அமிலத்திலிருந்து இறுதிவரை பத்துத் துண்டுகள் அடுத்தடுத்து வருகின்றன. எட்டுத் துண்டுகள் 22 அமினோ அமில நீளமும் இரண்டு துண்டுகள் 11 அமினோ அமில நீளமும் உடையவை. இத்துண்டுகள் அல்பா சுருளிகளாகச் சுருள்பவை; அச்சுருளியின் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள் என்பதை நீர் படித்திருப்பீர். ஆகவே 11 அமினோ அமிலங்களில் ஏறக்குறைய மூன்று முழுச் சுற்றுகள் முடிந்துவிடுவதால், நீர்வெறுப்புள்ள பக்கக் கூட்டங்கள் சுருளியின் ஒரே முகத்திலும், மின்னேற்றமுள்ளவை எதிர் முகத்திலும் தொடர்ந்து அமைகின்றன. துண்டுகள் பலவற்றின் தொடக்கத்தில் வரும் புரோலின் என்னும் அமினோ அமிலம் சங்கிலியை வளைக்கிறது. இந்த ஒழுங்கை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

கொழுப்பு இல்லாதபோது சுருளிகள் நீர்வெறுப்பு முகங்களை உள்ளே மறைத்து, சற்றுத் தளர்வான கற்றையாகக் கூடியிருக்கும். கலமென்சவ்வின் ஏ.பி.சி.ஏ.1 என்னும் புரதம் பொஸ்போலிப்பிட்டையும் கொலஸ்திரோலையும் வெளியே தரும்போது கற்றை அவிழ்கிறது. இரண்டு அப்போ ஏ-1 மூலக்கூறுகள் எதிரெதிர்த் திசைகளில் ஓடி, ஏறத்தாழ 10 நனோமீற்றர் விட்டமுள்ள கொழுப்புத் தட்டின் விளிம்பை, கடகத்தின் வாயைச் சுற்றிக் கட்டிய நாரைப் போல, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொள்கின்றன. நீர் கண்ட வளையம் இதுவே. பின்னர் எல்.சி.ஏ.ரி. நொதியம் கொலஸ்திரோலை எசுத்தராக்க, அது தட்டின் நடுவே சேர்ந்து, தட்டு கோளமாகப் பருக்கிறது. இத்தட்டும் கோளமுமே எச்.டி.எல். துணிக்கைகள். அந்நொதியத்தை ஏவுவதும் இதே புரதம்தான்.

ஒப்படையில் ஒரு படம் மட்டும் வரைய இடமிருந்தால் இரட்டை வளையத்தையே வரையும்.

மாங்குளம் வாசகர்:
லாட வடிவத்தைப் பற்றி ஒரு சொல். அது 1997இல் வெளியான எக்ஸ்-கதிர்ப் பளிங்கு ஆய்விலிருந்து வந்தது. முதல் 43 அமினோ அமிலங்கள் நீக்கப்பட்ட சங்கிலியையே அவர்கள் பளிங்காக்கினர், தெளிவும் 4 ஆங்ஸ்ட்ரோம் அளவில்தான் இருந்தது (இந்த எண் சிறிதாகும்போது தெளிவு கூடும்). 2011இல் 2.2 ஆங்ஸ்ட்ரோம் தெளிவுடன் கிடைத்த கட்டமைப்பில், மாறாக, 185ஆவதிலிருந்து இறுதிவரையான பகுதி இல்லை. எனவே, படத்தின் கீழே எந்தத் துண்டு என்று எழுதியிருப்பதைக் கவனியாமல் பிரதி செய்ய வேண்டாம்.

துணுக்காய் மாணவன்:
மிக்க நன்றி, ஐயா. அந்த இரண்டு மூலக்கூறுகளையும் இருசல்பைட்டுப் பிணைப்புகளா சேர்த்து வைத்திருக்கின்றன?

வவுனியா ஆய்வுகூட அலுவலர்:
இல்லை, தம்பி. வழமையான மனித அப்போ ஏ-1இல், இருசல்பைட்டுக்குத் தேவையான சிஸ்ரீன் என்னும் அமினோ அமிலம் ஒன்றுகூட இல்லாததால் அப்பிணைப்பு உருவாக வழியில்லை. எதிரெதிர் மின்னேற்றமுள்ள பக்கக் கூட்டங்களின் கவர்ச்சியும், இரண்டும் ஒரே கொழுப்பு விளிம்பைப் பற்றியிருப்பதுமே அவற்றைச் சேர்த்து வைக்கின்றன. விதிவிலக்கு ஒன்று உண்டு. வட இத்தாலியின் லிமோனே சுல் கார்டா என்ற ஊரைச் சேர்ந்த குடும்பத்தினரிடம் 173ஆவது இடத்து ஆர்ஜினினுக்குப் பதிலாகச் சிஸ்ரீன் வரும் விகாரம் கண்டறியப்பட்டது. 'மிலானோ' எனப்படும் இவ்வகையில் இரு மூலக்கூறுகள் இருசல்பைட்டால் இணைய முடியும். அவர்களின் எச்.டி.எல். அளவு குறைவாக இருந்தும், எதிர்பார்க்கப்பட்ட அளவுக்கு இதயநோய் காணப்படாததே ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்தது.

இன்னொன்று: இரத்தப் பரிசோதனை அறிக்கையில் எச்.டி.எல். என்று வரும் எண் அத்துணிக்கைகளில் உள்ள கொலஸ்திரோலின் அளவேயன்றி இப்புரதத்தின் அளவன்று. அப்போ ஏ-1ஐ அறிய, அதனுடன் பிணையும் பிறபொருளெதிரிகளைக் கொண்டு தனியாகச் சோதிக்க வேண்டும்.